ஏறி இறங்கும் கரை

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்திலிருந்து மேற்கே ரயிலேறினால் அரை மணி நேரத்தில் பொட்சுவோலி வந்துவிடும். மீன்பிடிப் படகுகள், தீவுகளுக்குப் போகும் கப்பல்கள், கடலைப் பார்த்தபடி உணவகங்கள் என்று பார்வைக்குச் சாதாரணமான கடலோர ஊர். நடிகை சோபியா லோரன் வளர்ந்த ஊர் என்று சினிமா ரசிகர்கள் அறிந்திருக்கலாம். நிலவியல் படித்தவர்களுக்கோ இது வேறு வகையில் நெருக்கமான ஊர். நவீன நிலவியலுக்கு அடித்தளம் போட்ட ஒரு புத்தகத்தின் முகப்புப் படமே இந்த ஊரின் மூன்று தூண்கள்தான்.

துறைமுகத்திலிருந்து சில நிமிட நடையில் அந்தத் தூண்களைப் பார்த்துவிடலாம். வீடுகளுக்கு நடுவே, சாலை மட்டத்துக்குக் கீழே, கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமானியர் கட்டிய சந்தையின் இடிபாடு இருக்கிறது. 1750இல் இதைத் தோண்டியபோது செராப்பிஸ் என்ற எகிப்தியக் கடவுளின் சிலை கிடைத்ததால் கோயில் என்று நினைத்துவிட்டார்கள். ‘செராப்பிஸ் கோயில்’ என்ற பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. சுற்றியுள்ள தெருவின் கம்பி வேலி ஓரமாக நின்றாலே மூன்று தூண்களும் தெரியும். ஒவ்வொன்றும் ஒரே சலவைக்கல், சுமார் 12.5 மீட்டர் உயரம்.

தூணை அடியிலிருந்து நிதானமாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். முதல் மூன்றரை மீட்டர் வரை கல் வழுவழுப்பாக இருக்கிறது. அதற்குமேல் திடீரென்று நிறம் கருத்து, மேற்பரப்பு முழுவதும் துளைகள். விரல் நுழையும் அளவுக்குக் குடைந்த குழிகள் நெருக்கமாக, ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒரு பட்டையாகத் தூணைச் சுற்றி ஓடுகின்றன. அந்தப் பட்டை முடிந்ததும் கல் மீண்டும் வழுவழுப்பாகி உச்சிவரை அப்படியே போகிறது. மூன்று தூண்களிலும் ஒரே உயரத்தில் இதே பட்டை.

குடைந்தது ஒரு சிப்பி. நீண்டு உருண்ட, பழுப்பு நிறமான இந்தச் சிப்பியை இத்தாலியர் கடல் பேரீச்சை என்கிறார்கள். சுண்ணாம்புக் கல்லும் சலவைக்கல்லும் இதற்கு வீடு. உடலிலிருந்து கசியும் அமிலத்தால் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உள்ளே போகிறது. தன் ஓடும் சுண்ணாம்புதான் என்றாலும், அதன்மேல் உள்ள தடித்த தோல் அமிலத்திலிருந்து அதைக் காப்பாற்றுகிறது. வளர்ச்சி மிக மெதுவானது. 5 சென்டிமீட்டர் நீளத்தை எட்டப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். இது கடலில் மட்டும் வாழும் உயிர்.

ஆக, சந்தையின் தரையிலிருந்து 7 மீட்டர் உயரம்வரை கடல்நீர் நின்றிருக்கிறது. ஓரிரு நாள் வெள்ளமாக வந்து வடியவில்லை. தலைமுறைக் கணக்கில் நின்றிருக்கிறது. பிறகு போய்விட்டது. அடிப்பகுதியில் துளை இல்லாததற்குக் காரணம், அப்போது அது மண்ணிலும் இடிபாட்டிலும் புதைந்து கிடந்ததுதான்.

கடலா, நிலமா?

இந்தத் துளைகள் ஐரோப்பிய அறிஞர்களைப் பல காலம் குழப்பின. 1787இல் இங்கே வந்த ஜெர்மானியக் கவிஞர் கதே, எரிமலைச் சாம்பல் இடிபாட்டை அணைபோல அடைத்து உள்ளே ஒரு குளம் தேங்கியிருக்க வேண்டும், அதில் சிப்பிகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்று விளக்கம் சொன்னார். கடல் மட்டமே ஏறி இறங்கியது என்று வேறு சிலர் வாதாடினார்கள்.

1828இல் பொட்சுவோலிக்கு வந்த ஸ்காட்லாந்து நிலவியலாளர் சார்லஸ் லயல் இரண்டையும் ஏற்கவில்லை. அவர் வாதம் எளிமையானது. கடல் 7 மீட்டர் ஏறியிருந்தால் மத்தியதரைக் கடலின் கரையெங்கும் ஏறியிருக்க வேண்டும். ரோமானியர் காலத்துத் துறைமுகங்கள் எல்லாம் மூழ்கியிருக்க வேண்டும். அப்படி நடந்ததற்கு எங்குமே தடயம் இல்லை. எனவே கடல் இருந்த இடத்திலேயே இருந்தது. இந்த ஊரின் நிலம் இறங்கிப் பிறகு ஏறியிருக்கிறது. அதுவும் தூண்கள் சாயாத அளவுக்கு மெதுவாக.

‘நிலவியலின் கோட்பாடுகள்’ என்ற அவருடைய நூலின் முதல் தொகுதி 1830இல் வெளிவந்தது. முகப்பில் இந்த மூன்று தூண்கள். மலைகளும் கடல்களும் என்றோ நடந்த பேரழிவுகளில் ஒரே வீச்சில் உருவானவை என்ற நம்பிக்கை வலுவாக இருந்த காலம் அது. இன்றும் நம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கும் மெதுவான மாற்றங்களே போதும், காலம் மட்டும் நிறைய வேண்டும் என்பது லயலின் கட்சி. அதற்கு மனிதர் கட்டிய, வயது தெரிந்த ஒரு கட்டடமே சாட்சியாகக் கிடைத்தது.

அடுத்த ஆண்டு பீகிள் கப்பலில் புறப்பட்ட இளைஞர் சார்லஸ் டார்வின் இந்தத் தொகுதியைக் கையோடு எடுத்துப் போனார். 1835இல் சிலி நாட்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு, கடலிலிருந்து உயர்ந்த பாறைகளில் சிப்பிகள் ஒட்டியபடியே செத்துக் கிடந்ததை அவர் அறிந்தபோது, அதன் பொருள் உடனே விளங்கியது. கணினியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜும் 1828இல் பொட்சுவோலிக்கு வந்து, தூண்களை அளந்து, பூமிக்கடியில் பாறை சூடேறி விரிவதாலும் குளிர்ந்து சுருங்குவதாலும் நிலம் ஏறி இறங்கலாம் என்று எழுதினார்.

லயல் ஒரு முறை மூழ்கி ஒரு முறை எழுந்ததாக நினைத்தார். தூண்களிலும் அருகிலுள்ள பாறைகளிலும் எஞ்சிய ஓடுகளின் வயதைக் கணித்த ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. கடல் ஏறக்குறைய 7 மீட்டர் உயரத்தை மூன்று முறை எட்டியிருக்கிறது என்பது அதன் முடிவு: 5ஆம் நூற்றாண்டில், இடைக்காலத்தின் தொடக்கத்தில், 1538க்குச் சற்று முன்பு.

ஊருக்கடியில் என்ன இருக்கிறது?

பொட்சுவோலி எரிமலைக்குப் பக்கத்தில் இல்லை. எரிமலைக்கு உள்ளேயே இருக்கிறது. காம்பி ஃபிளெக்ரெய் என்ற இந்த எரிமலைக்கு வெசுவியஸ் போலக் கூம்பு வடிவம் கிடையாது. சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பும், பிறகு ஏறக்குறைய 15,000 ஆண்டுகளுக்கு முன்பும் நடந்த இரண்டு மாபெரும் வெடிப்புகளில் உள்ளிருந்த பாறைக்குழம்பு வெளியேறிவிட, மேலே இருந்த நிலம் அமிழ்ந்து போனது. அப்படி உருவான, 12 முதல் 15 கிலோமீட்டர் அகலமுள்ள பெருவாய் இது. பாதி நிலத்தில், பாதி கடலுக்கடியில். பொட்சுவோலி ஏறக்குறைய அதன் மையத்தில் இருக்கிறது. நேப்பிள்ஸின் மேற்குப் பகுதிகளும் இதற்குள் அடக்கம்.

சுமார் 7, 8 கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு தேங்கி நிற்கிறது. அதிலிருந்து பிரியும் வாயுக்கள் மேலேறி, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்திலுள்ள நிலத்தடி நீரைச் சூடாக்குகின்றன. அதற்கு மேலே இறுக்கமான பாறை அடுக்கு. இட்லிப் பானையில் ஆவி முட்டினால் மூடி தூக்குவது போல, அழுத்தம் கூடினால் நிலம் மேலே எழுகிறது. ஆவியும் நீரும் பக்கவாட்டில் கசிந்து அழுத்தம் குறைந்தால் தாழ்கிறது. ஒவ்வொரு எழுச்சியிலும் பாறைக்குழம்பின் பங்கு எவ்வளவு, வாயு, வெந்நீரின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் நடக்கிறது. இந்த மெதுவான ஏற்ற இறக்கத்துக்கு 1883இல் இத்தாலிய நிலவியலாளர் அர்த்தூரோ இஸ்ஸேல் கொடுத்த பெயர்: பிராடிசீயம்.

ஏற்றம் எப்போதும் வெடிப்பில் முடிவதில்லை. ஒரு முறை முடிந்தது. 1500களின் தொடக்கத்திலேயே இங்கே கடல் பின்வாங்கத் தொடங்கிவிட்டது. புதிதாக வெளிவந்த நிலத்தை ஊருக்கு உரிமையாக்கி 1503இலும் 1511இலும் ஸ்பானிய அரசு ஆணைகள் பிறப்பித்தது. 1538 செப்டம்பர் இறுதியில் ஏற்றம் வேகமெடுத்தது. கரை நூற்றுக்கணக்கான அடிகள் விலகி, மீன்கள் தரையில் துடித்தன. மக்கள் கூடை கூடையாக அள்ளினார்கள். செப்டம்பர் 29 அன்று நிலம் பிளந்தது. திரிபெர்கோலே என்ற கிராமம் மறைந்தது. ஒரே வாரத்தில் 133 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று எழுந்துவிட்டது. வெடிப்பு ஓய்ந்ததென்று நினைத்து அக்டோபர் 6 அன்று அதன்மேல் ஏறியவர்களில் 24 பேர் திடீர் வெடிப்பில் இறந்தார்கள். மோந்தே நுவோவோ, அதாவது புது மலை, என்று பெயர் பெற்ற அந்தக் குன்று இன்று பைன் மரங்கள் அடர்ந்த இயற்கைப் பூங்கா. ஊரிலிருந்து காலையில் கிளம்பினால் ஏறி இறங்கி மதிய உணவுக்குத் திரும்பிவிடலாம். பிறந்த ஆண்டும் நாளும் எழுத்தில் பதிவான மலைகள் உலகில் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

பிறகு நானூறு ஆண்டுகள் நிலம் தாழ்ந்துகொண்டே வந்தது. 1969இல் மீண்டும் ஏறத் தொடங்கியது. துறைமுகத்தை ஒட்டிய பாறை முனையில், ரியோனே தெர்ரா என்ற பழைய குடியிருப்பில் சுமார் 3,000 பேர் வாழ்ந்தார்கள். 1970 மார்ச் 2 அன்று அவர்கள் எல்லோரையும் அரசு வெளியேற்றியது. அவர்கள் திரும்பவே இல்லை. 1972வரை ஏறிய உயரம் சுமார் 1.7 மீட்டர். 1982 முதல் 1984 வரை இன்னொரு 1.8 மீட்டர், கூடவே பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு நிலநடுக்கங்கள். சுமார் 40,000 பேர் ஊரைவிட்டு நகர, அவர்களுக்காக மோந்தெருஷெல்லோ என்ற புதுக் குடியிருப்பையே கட்டினார்கள். துறைமுகத்தின் மேடை படகுகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால் தாழ்வாக இன்னொரு மேடை தேவைப்பட்டது.

பிறகு இருபது ஆண்டுகள் தாழ்ந்து, 2005 முதல் மறுபடி ஏற்றம். 2022இல் நிலம் 1984இன் உச்ச மட்டத்தைத் தாண்டியது. 2005இலிருந்து 2025 நடுவரை மொத்த ஏற்றம் சுமார் 1.4 மீட்டர். 2025 மார்ச்சிலும் ஜூனிலும் 4.6 அளவில் நிலநடுக்கங்கள் வந்தன. அளவு சிறிதென்று தோன்றலாம். மையம் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்திலேயே இருப்பதால், ஊருக்குள் அந்த அதிர்வு கடுமையாகவே இருக்கும். பழைய படகுத்துறையில் போய் நின்றால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்: ஒருகாலத்தில் படகுகள் மிதந்த இடத்தில் தண்ணீர் வற்றிச் சேறு தட்டியிருக்கிறது. நேப்பிள்ஸ் விரிகுடாவில் ஓதம் அரை மீட்டருக்கும் குறைவு என்பதால், இதை ஓதத்தின் வேலை என்று சொல்லவே முடியாது.

ஆவி கக்கும் மைதானம்

ஊருக்குச் சற்று மேலே சோல்ஃபதாரா. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் உருவான எரிமலை வாய். வெண்மையான தரை, கந்தக நெடி, பிளவுகளிலிருந்து சீறும் ஆவி. அவற்றில் பெரியதான ‘பெரிய வாய்’ சுமார் 160 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. அதன் விளிம்பில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் படிந்திருப்பவை கந்தகமும் ஆர்செனிக்கும் சேர்ந்த கனிமங்கள்.

இங்கே வழிகாட்டிகள் தலைமுறைகளாக ஒரு வேடிக்கை காட்டிவந்தார்கள். ஒரு காகிதச் சுருளைக் கொளுத்தி ஆவித் துளையருகே கொண்டுபோவார்கள். உடனே ஆவி பெருகி வெண்புகையாக எழும். எரிமலை கோபித்துக்கொண்டது என்பார்கள். உண்மையில் ஆவியின் அளவு கூடுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத நீராவி துளித்துளியாகத் திரள, பற்றிக்கொள்ள நுண்ணிய துகள்கள் வேண்டும். எரியும் காகிதத்தின் புகை அந்தத் துகள்களைக் கொடுக்கிறது. ஏற்கெனவே காற்றில் இருந்த நீராவி நொடியில் துளிகளாகி வெள்ளையாகத் தெரிகிறது. வானத்தில் மேகம் உருவாவதும் இதே விதியால்தான்.

2017 செப்டம்பரில் ஒரு குடும்பத்தினர் மூவர் இங்கே குழியில் விழுந்து இறந்த பிறகு சோல்ஃபதாரா மூடப்பட்டது. இந்தப் பகுதி தினமும் ஆயிரக்கணக்கான டன் கரியமில வாயுவை வெளிவிடுகிறது. ஆய்வாளர்களுக்கு அது எரிமலையின் உடல்நிலை அறிக்கை. வேலிக்கு வெளியிலிருந்து பார்ப்பதோடு பயணிகள் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கீழே இறங்கும் வழியில் பிளாவியன் ஆம்பிதியேட்டர். ரோமின் கொலோசியத்துக்கும் கபுவாவில் உள்ளதற்கும் அடுத்தபடியாக இத்தாலியில் மூன்றாவது பெரியது. விலங்குகளை மேலே ஏற்றிய நிலவறைகள் இவ்வளவு முழுமையாக எஞ்சியிருப்பது அரிது.

மூழ்கிய மாளிகைகள்

பொட்சுவோலியிலிருந்து கரையோரமாக மேற்கே போனால் முதலில் லுக்ரீனோ, அதையடுத்து உள்ளே அவெர்னோ ஏரி. வட்டமான எரிமலை வாயில் நீர் நிரம்பிய ஏரி. மேலே பறக்கும் பறவைகள் விழுந்து சாகும் என்று பண்டைக் காலத்தில் நம்பினார்கள். கவிஞர் வெர்ஜில் கீழுலகத்தின் வாசலை இங்கே வைத்தார். இப்போது நீர்க்கோழிகள் நீந்துகின்றன. சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். இன்னும் மேற்கே கூமா: இத்தாலியப் பெருநிலத்தில் கிரேக்கர் அமைத்த முதல் குடியேற்றங்களில் ஒன்று. பாறையில் வெட்டிய நீண்ட சுரங்க நடையை 1932இல் தோண்டியெடுத்த தொல்லியலாளர் அமெதேயோ மையூரி, குறிசொல்லும் சிபில் வாழ்ந்த குகை அதுவே என்று அறிவித்தார்.

கரையிலேயே தொடர்ந்தால் பய்யா. ரோமானியச் செல்வந்தர்களும் பேரரசர்களும் ஓய்வெடுக்க வந்த இடம். வெந்நீர் ஊற்றுகளுக்காகவே வந்தார்கள். நிலம் தாழத் தாழ, கரையோர மாளிகைகள் ஒவ்வொன்றாக நீருக்குள் போயின. கி.மு. 37இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டிய யூலியஸ் துறைமுகமும் இன்று கடலுக்கடியில்தான். 1950களில் விமானத்திலிருந்து எடுத்த படங்களில்தான் அதன் தெருக்களும் கிடங்குகளும் நீருக்குள் கோடுகோடாகத் தெரிந்தன. 1969இல் ஒரு புயல் கடலடி மணலைக் கிளறியபோது இரண்டு சலவைக்கல் சிலைகள் தலைகாட்டின. பிறகு நடந்த அகழாய்வில் பேரரசர் கிளாடியஸின் விருந்து மண்டபமே வெளிப்பட்டது.

2002 முதல் இது கடலடித் தொல்லியல் பூங்கா. மண்டபம் இருப்பது 5 மீட்டர் ஆழத்தில் மட்டுமே என்பதால் புதிதாக முக்குளிக்கப் பழகுபவரும் பார்க்கலாம். நீச்சல் தெரியாதவர்களுக்குக் கண்ணாடி அடித்தளப் படகு உண்டு. உள்ளே நிற்பவை சிலைகளின் நகல்கள். அசல்கள் மேலே பய்யா கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முக்குளிக்கும் வழிகாட்டி கையால் மணலை மெல்ல விலக்குவார். கறுப்பும் வெள்ளையுமான சிறு கற்கள் பதித்த தரை, யாரோ நேற்றுக் கழுவிவிட்டது போன்ற தெளிவோடு தெரியும். பார்த்து முடித்ததும் மீண்டும் மணலால் மூடிவிடுவார். அதுதான் அந்தத் தரைக்குப் பாதுகாப்பு. திறந்து கிடந்தால் கடல் உயிர்கள் ஒட்டித் துளைத்துவிடும்.

பொட்சுவோலிக்குத் தமிழ்க் கரையோடும் தொடர்பு உண்டு. முசிறியிலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் செங்கடல் வழியாக எகிப்துக்குப் போன மிளகு, அலெக்சாந்திரியாவிலிருந்து ரோமுக்குப் புறப்பட்டபோது அதன் முக்கிய இறங்குதுறை இதுவே. பல நாட்டு வணிகர்கள் இங்கே தத்தம் கோயில்களைக் கட்டினார்கள். அரேபியாவின் நபதேயர் கட்டிய கோயிலின் பலிபீடங்கள் இரண்டைக் கடலடியில் கண்டதாக 2023இல் இத்தாலியப் பண்பாட்டு அமைச்சகம் அறிவித்தது.

சாம்பல் செய்த வேலை

இத்தனை ஆபத்துக்கு நடுவே ஊர் செழித்ததற்கு அந்த எரிமலையே காரணம். பொட்சுவோலியைச் சுற்றிக் கிடைக்கும் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்குள்ளேயே கெட்டிப்படும் என்பதை ரோமானியர் கண்டுகொண்டார்கள். கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இந்தப் பொடியைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். வெறும் சுண்ணாம்புக் காரை இறுகக் காற்றிலுள்ள கரியமில வாயு வேண்டும்; நீருக்கடியில் அது நடக்காது. சாம்பலிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு நேரடியாக வினைபுரிந்து கல்லாகிவிடுகின்றன, காற்று தேவையில்லை. அத்தோடு வேலை நிற்பதில்லை. கடல்நீர் ஊறஊறக் காரைக்குள் நுண்ணிய படிகங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்து அதை இன்னும் பலப்படுத்துகின்றன. இன்றைய கான்கிரீட்டைக் கடல்நீர் அரிக்கிறது. இந்தக் காரையைக் கடல்நீரே காப்பாற்றுகிறது. பாலஸ்தீனக் கரையில் ஏரோது மன்னர் கட்டிய செசரியா துறைமுகத்தின் கான்கிரீட்டைத் துளையிட்டுச் சோதித்தபோது, அதிலிருந்த சாம்பல் நேப்பிள்ஸ் விரிகுடாவிலிருந்து கப்பலேறி வந்தது என்று தெரிந்தது.

அதன் வலிமையைப் பய்யாவில் நேரில் பார்க்கலாம். ‘மெர்குரி கோயில்’ என்று அழைக்கும் குளியல் மண்டபத்தின் குவிமாடம் 21.5 மீட்டர் விட்டம். இரும்புக் கம்பி ஏதுமில்லாத கான்கிரீட். கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியையொட்டிக் கட்டியது. ரோமின் பாந்தியன் எழுந்தது அதற்கு நூறாண்டுகளுக்குப் பிறகுதான். உள்ளே பாதி உயரத்துக்கு நீரும் மண்ணும் நிரம்பிவிட்டதால் மரப் பலகை நடைபாதையில் நின்று பார்க்க வேண்டும். மெல்லப் பேசினாலும் எதிரொலி நாலா பக்கமும் சுற்றி வரும். பக்கத்து ஊரான பாக்கோலியில் ‘பிஷினா மிராபிலிஸ்’ என்ற நிலத்தடி நீர்த்தொட்டி: 48 தூண்கள், 15 மீட்டர் உயரம், 12,000 கனமீட்டருக்கு மேல் கொள்ளளவு. தொலைவிலுள்ள மலை ஊற்றுகளிலிருந்து கால்வாயில் வந்த நீரை இங்கே தேக்கினார்கள்.

நம் ஊர்க் கட்டுமானக் கடைகளில் அடுக்கியிருக்கும் ‘பிபிசி’ சிமென்ட் மூட்டையின் முழுப்பெயர் போர்ட்லாண்ட் பொஸ்ஸொலானா சிமென்ட். அந்த நடுப்பெயர் பொட்சுவோலி சாம்பலின் பெயர்தான். எரிமலைச் சாம்பலுக்குப் பதிலாக அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலைச் சேர்க்கிறார்கள்; 15 முதல் 35 விழுக்காடுவரை இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. வேதிவினை அதேதான்.

கதை இங்கே ஒரு சுற்று வந்து நிலத்துக்கடியில் போகிறது. பொட்சுவோலிக்காரரான திசியானா வனோரியோ, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பாறை இயற்பியல் ஆய்வாளர். எரிமலைக்கடியிலிருந்து துளையிட்டெடுத்த பாறைகளை ஆராய்ந்து அவரும் ஒரு சக ஆய்வாளரும் 2015இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆழத்திலிருந்து வரும் கால்சியம் கலந்த வெந்நீர் எரிமலைச் சாம்பலோடு வினைபுரிந்து, பெருவாய்க்கு மேலுள்ள பாறை மூடியில் இழை இழையான கனிமங்களை வளர்த்திருக்கிறது. ரோமானியக் காரையில் காணும் அதே வகைக் கனிமங்கள். அந்த இழைகள் பின்னிப் பிடித்திருப்பதால் மூடி உடையாமல் வளைந்துகொடுக்கிறது. நிலம் இரண்டு மீட்டர் ஏறியும் பிளக்காமல் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்பது அவர்கள் வாதம். கொத்தனார் மேலே செய்ததைப் பூமி கீழே தானே செய்துகொண்டிருந்திருக்கிறது.

போகிறவர்களுக்கும் வாழ்கிறவர்களுக்கும்

இத்தனையையும் பார்க்க இரண்டு நாள் வேண்டும். முதல் நாள் ஊருக்குள்: சந்தை இடிபாடு, ஆம்பிதியேட்டர், ரியோனே தெர்ரா. அங்குள்ள தேவாலயம் 1964இல் தீப்பிடித்தபோது, சுவருக்குள்ளிருந்து ஒரு ரோமானியக் கோயிலின் தூண்கள் வெளிப்பட்டன. இரண்டையும் இணைத்துப் புதுப்பித்து 2014இல் திறந்தார்கள். இரண்டாம் நாள் மோந்தே நுவோவோ, அவெர்னோ, பய்யா. இன்னும் ஒரு நாள் கிடைத்தால் துறைமுகத்தில் கப்பலேறி புரோச்சிதா தீவுக்குப் போகலாம். அதுவும் எரிமலைச் சாம்பல் இறுகிய தீவுதான். நிலநடுக்கங்களால் சில இடங்கள் அவ்வப்போது மூடப்படும். புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

பயணிகள் இரண்டு நாளில் திரும்பிவிடுவார்கள். சுமார் 5 லட்சம் பேர் இந்தப் பெருவாயின் ஆபத்து வளையத்துக்குள் நிரந்தரமாக வாழ்கிறார்கள். அவர்களை 72 மணி நேரத்தில் வெளியேற்றும் திட்டத்தை அரசு வகுத்திருக்கிறது. எச்சரிக்கை நிலை 2012 டிசம்பரிலிருந்து மஞ்சளில் நிற்கிறது. 1841இல் தொடங்கிய வெசுவியஸ் ஆய்வுக்கூடம், உலகின் முதல் எரிமலை ஆய்வுக்கூடம், நிலத்தின் உயரத்தையும் சாய்வையும் வாயுவின் வெப்பத்தையும் இரவு பகலாக அளந்து, அறிக்கைகளைப் பொதுமக்களுக்கே நேரடியாக வெளியிடுகிறது. எரிமலையை நிறுத்த எந்தக் கருவியும் கிடையாது. அளப்பதும், அளந்ததை ஒளிக்காமல் சொல்வதும், சொன்னதைக் கேட்டு உரிய நேரத்தில் நகர்வதும்தான் மனிதரால் முடிந்தவை. 1538இல் குன்றேறியவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. இன்றைய பொட்சுவோலிக்கு இருக்கிறது.

லயல் இங்கே கேட்ட கேள்வி எல்லாக் கடற்கரைகளுக்கும் பொருந்தும். ஆற்று முகத்துவாரங்களிலும், நிலத்தடி நீரை உறிஞ்சும் கடலோர நகரங்களிலும் நிலம் தாழ்ந்துகொண்டிருக்கிறது. வெப்பமாகும் பூமியில் கடலும் ஏறிக்கொண்டிருக்கிறது. கரையில் தண்ணீர் உள்ளே வருகிறது என்று கேள்விப்பட்டால், கடல் எவ்வளவு ஏறியது என்பதோடு நிறுத்தாதீர்கள். நிலம் எவ்வளவு இறங்கியது என்றும் கேளுங்கள். இரண்டையும் அளந்தால்தான் அந்தக் கரையைக் காப்பாற்ற வழி தெரியும்.